அப்பாவின் மொரிஸ் மைனர்: முதலில் தரையைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா 1980இல் யாழ்ப்பாணத்தில் வாங்கிய மொரிஸ் மைனர் 1000 ஒன்று உப்புவெளியில் எங்கள் வீட்டில் நிற்கிறது. பதிவுப் புத்தகத்தில் 1959 என்று இருக்கிறது. 2002இல் பாதை திறந்ததும் அப்பா அதை வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது 12 வயது. முன் சீட்டில் இருந்து வந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. 2004 சுனாமியில் முற்றத்தில் முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீர் வந்து போனது. அதற்குப் பிறகு கார் ஓடவில்லை, தகரக் கொட்டிலில் நிற்கிறது. போன வருடம் அப்பா காலமாகிவிட்டார். காரைத் திரும்ப ஓட வைக்க ஆசைப்படுகிறேன். கையில் 5 லட்சம் ரூபாய் இருக்கிறது, மாதம் 20,000 ஒதுக்கலாம். ஒரு கராஜில் "முழுக்கக் கழற்றிப் புதுசாகப் பெயின்ட் அடிப்போம்" என்றார்கள். இன்னொருவர் "இந்த எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பான் எஞ்சின் வைப்போம்" என்றார். நான் எங்கே தொடங்குவது?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

அப்பாவின் இழப்புக்கு என் அனுதாபம். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அந்த இரண்டு பேரும் சொன்னதில் எதையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். பெயின்ட் கடைசி வேலை. எஞ்சின்கூட அடுத்த வேலைதான். உங்கள் கார் இருக்குமா போகுமா என்பதைத் தீர்மானிப்பது அதன் அடித்தகடு. 5 லட்சத்தில் முதல் ரூபாய் அங்கேதான் போக வேண்டும். அதற்கும் முன்னால், ஒரு ரூபாயும் செலவழிக்காமல் ஒரு நாள் முழுக்க அந்தத் தகட்டை வடிவாகப் பார்க்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். லொறிக்கு இருப்பது போல மொரிஸ் மைனருக்குத் தனியாக ஒரு செஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரை, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, முன் சீட்டுக்கு அடியில் போகும் குறுக்குச் சட்டம், முன்னால் எஞ்சினைத் தாங்கும் இரண்டு கால்கள், எல்லாமே தகட்டை மடித்து ஒன்றோடொன்று ஒட்டிச் செய்த ஒரே கூடு. 1948இல் அந்தக் கார் வெளியே வந்தபோது அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் செய்த கெட்டித்தனம் அது. எடை குறைவு, பலம் அதிகம். ஆனால் அந்தப் பலம் முழுக்க உள்ளே வெறுமையாக இருக்கும் பெட்டிகளில்தான் இருக்கிறது. கறள் பிடிப்பதும் அந்தப் பெட்டிகளுக்குள்ளேதான், வெளியே தெரியாமல்.

உங்கள் காருக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. நிலாவெளியிலிருந்து வந்த ஒரு மைனரின் குறுக்குச் சட்டத்தை நான் ஒரு தடவை வெட்டித் திறந்தேன். வெளியே கறுப்பு அண்டர்கோட் அடித்துப் பளபளவென்று இருந்தது. வெட்டின இடத்தில் முதலில் கொட்டியது மணல். சாதாரணக் கடற்கரை மணல். அதன் மேலே கறள் செதில் செதிலாய், இடையிடையே வெள்ளை வெள்ளையாய் உப்பு. கையில் அள்ளிப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. சுனாமி வந்து 9 வருடம் கழிந்திருந்தது, அந்த வருடம் மாரியும் இன்னும் தொடங்கவில்லை. உப்பு அப்படித்தான், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தகட்டைத் தின்றுகொண்டே இருக்கும். உங்கள் கார் கொட்டிலுக்குள் நனையாமல் நின்றது என்று நினைக்காதீர்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததென்றால் அந்தப் பெட்டிகள் எல்லாம் நிறைந்துதான் வடிந்திருக்கும்.

சரி, பார்க்கும் விதம் இது. வெயிலுள்ள ஒரு நாளில் முன் சீட், பின் சீட், ரப்பர் பாய், காப்பற் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஒரு பெரிய ஸ்குரூட்ரைவர், ஒரு டோர்ச் லைட், ஒரு வெள்ளைச் சோக்கட்டி போதும். ஸ்குரூட்ரைவரின் பிடியால் தகட்டை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு "டங்" என்று பதில் சொல்லும். கறள் தின்ற தகடு "பொத்" என்று கேட்கும், நனைந்த பலகையைத் தட்டின மாதிரி. பொத்தென்ற இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பயந்து நிறுத்த வேண்டாம், நீங்கள் போடும் ஓட்டை ஏற்கனவே இருந்த ஓட்டைதான். முதலில் முன் தரையின் நான்கு மூலை. பிறகு குறுக்குச் சட்டமும் அதன் இரண்டு முனையில் இருக்கும் ஜாக் போடும் இடமும். பிறகு பின் வில்லுப்பட்டை பூட்டியிருக்கும் இடங்கள். கதவுக் கீல் தூணின் அடி, டிக்கித் தரை, முன் மட்காட்டுக்கு உள்பக்கம். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் எடுங்கள்.

காருக்கு அடியில் போகும்போது ஒன்றை மட்டும் சத்தியமாகக் கேளுங்கள். ஜாக்கை மட்டும் நம்பியோ, சீமெந்துக் கல்லை அடுக்கியோ கீழே படுக்காதீர்கள். சீமெந்துக் கல் சொல்லாமல் பிளக்கும். நல்ல ஸ்டாண்ட் இரண்டு இரவல் வாங்குங்கள், இல்லாவிட்டால் ரயில் சிலிப்பர் போன்ற கனத்த மரக்கட்டையைக் குறுக்கு மறுக்காக அடுக்குங்கள். கறள் பிடித்த ஜாக் பொயின்றில் ஜாக் போட்டால் அது தகட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். முன்னால் தூக்குவதென்றால் சஸ்பென்ஷனின் கீழ்க் கையிலும், பின்னால் தூக்குவதென்றால் அச்சிலும் வையுங்கள். தனியே செய்யாதீர்கள், பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும்.

பார்த்து முடிந்ததும் அடுத்த வேலை கழுவுவது. இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் இதில் யாருக்கும் காசு இல்லை. பெட்டித் தகடுகளில் தண்ணீர் வடியும் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறவுங்கள். பிறகு பிரஷர் வோஷரால் உள்ளே நல்ல தண்ணீரை அடித்து, வெளியே வருவது தெளிவாக வரும்வரை கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்றது காரணத்தோடுதான். உப்புவெளிப் பக்கத்துக் கிணறுகள் சிலது உவர். நாக்கில் வைத்துப் பாருங்கள், உவர்த்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். ஒரு தடவை போதாது, வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை செய்யுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இதைச் செய்தால் அந்தக் காற்றே உள்ளே காய வைத்துவிடும். மாரி தொடங்கிய பிறகு செய்தால் ஈரத்தின் மேல் ஈரம்தான்.

ஒட்டு (வெல்டிங்) வேலைக்கு ஆள் பிடிக்கும்போது கவனமாக இருங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். கறள் பிடித்த தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டுவாரா, அல்லது நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுவாரா? இரண்டாவதுதான் வேலை. ஓரம் முழுக்க ஒட்டுவாரா, அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டு வைத்துவிட்டு மிச்சத்தைப் புட்டியால் மூடுவாரா? என்ன தகடு போடுவார்? 18 கேஜ் கறுப்புத் தகடு போட வேண்டும். கூரைக்குப் போடும் துத்தநாகம் பூசிய தகட்டை ஒட்டினால் ஒட்டும் சரியாகப் பிடிக்காது, அந்தப் புகை ஒட்டுகிறவரின் நெஞ்சுக்கும் கெடுதல். முடிந்தால் கோ2 வெல்டிங் உள்ள இடமாகப் பாருங்கள். காஸ் வெல்டிங்கின் சூட்டில் மெல்லிய தகடு நெளியும். நல்ல கை என்றால் அதிலும் வடிவாகச் செய்வார்கள், அந்தக் கைகள் இப்போது குறைந்துவிட்டன.

கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டை வெட்ட வேண்டி வந்தால் இன்னும் கவனம். வெட்டுவதற்கு முன் கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே அளந்து எழுதி வையுங்கள். கார் நான்கு சில்லிலும் சமமாக நிற்கும்போது, கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புப் பட்டத்தைத் தற்காலிகமாக ஒட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகுதான் மற்றப் பக்கம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டின கார் நடுவில் தொய்ந்துபோகும். பிறகு எந்தக் கதவும் பூட்டாது. அப்படி வந்த ஒரு காரை நேராக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பெயின்டைப் பற்றி நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு என்னுடைய ஒரு தவறுதான் காரணம். கராஜ் தொடங்கின புதிதில் ஒரு ஒஸ்டின் ஏ40 வந்தது. உரிமையாளர் மகளின் கலியாணத்துக்கு அதில் பெண்ணை அழைத்துப் போக வேண்டும் என்றார். தரை போயிருந்தது எனக்குத் தெரியும். "கலியாணம் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று நானும் சேர்ந்து சொன்னேன். தந்த நிறத்தில் கண்ணாடி மாதிரிப் பெயின்ட் அடித்தோம், பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் பூசை போட்டோம். இரண்டு மாரி போனது. கதவுக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. தரையை ஒட்டுவதற்காகச் சூடு வைத்தபோது நல்லாயிருந்த பெயின்டும் கருகியது. அந்த மனிதர் ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுத்தார். அவர் என்னை ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை. ஒட்டு வேலை எல்லாம் முடியாத காருக்கு அன்றிலிருந்து நான் பெயின்ட் அடிப்பதில்லை. உங்கள் காரில் ஒட்டின இடங்களுக்கு மட்டும் பிரைமர் அடித்து, மேலே சாதாரண எனாமல் ஒரு பூச்சுக் கொடுங்கள், போதும். பெட்டிகளுக்குள்ளே, ஒட்டின சூடு ஆறி நன்றாகக் காய்ந்த பிறகு, கிரீஸையும் ஒயிலையும் இளஞ்சூடாக்கிக் கலந்து ஸ்பிரே கன்னால் அடியுங்கள். கறளின் மேல் தார் மாதிரி அண்டர்கோட் அடிப்பது மட்டும் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டும் வேலை.

"முழுக்கக் கழற்றுவோம்" என்பதற்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான். காசு நிறைய உள்ளவர்களுக்கு அது சரி. மாதம் 20,000 ஒதுக்குகிறவருக்குச் சரிவராது. கழற்றின கார் வேறொருவருடைய கராஜ் மூலையில், பெட்டி பெட்டியாக, வருடக்கணக்கில் கிடக்கும். யாருடைய போல்ட் எந்தக் காரில் போனதென்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு பகுதி. அதை முடித்துப் பூட்டின பிறகு அடுத்தது. கார் எப்போதும் உருளக்கூடிய நிலையில், முடிந்தவரை உங்கள் முற்றத்திலேயே நிற்கட்டும்.

காசை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். 2 லட்சம் தகட்டுக்கும் ஒட்டுக்கும். ஒன்றரை லட்சம் பிரேக், சில்லுப் பக்கம், ரயர். 75,000 எஞ்சினையும் வயரிங்கையும் எழுப்ப. மிச்சம் 75,000ஐ வங்கியிலேயே விட்டு மறந்துவிடுங்கள். பழைய காரில் எதிர்பாராத ஒன்று கட்டாயம் வரும், வேலை நடுவில் நிற்காமல் இருக்க அந்தக் காசு வேண்டும். மாதா மாதம் வரும் 20,000 உதிரிப்பாகங்களுக்கு. சீட், நிக்கல் பூச்சு, பெயின்ட் இவை இந்த 5 லட்சத்தில் இல்லை. ஒட்டு வேலைக்கு முழுத்தொகை பேசி முற்பணமாகக் கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத் தரை, இந்தக் குறுக்குச் சட்டம் என்று துண்டு துண்டாகப் பேசி, முடிந்ததைப் பார்த்துக் கொடுங்கள்.

தகட்டுக்குப் பிறகு பிரேக். எஞ்சின் ஓடுவதைப் பார்க்க மனம் அவதிப்படும், எனக்குத் தெரியும். ஆனால் ஓடத் தொடங்கின காரை யாராவது ஒருவர் கேற் வரைக்கும் ஓட்டிப் பார்ப்பார். நிற்க வழியில்லாத கார் ஓடவே கூடாது. உங்கள் காரில் முன் சில்லு ஒன்றுக்கு இரண்டு சிலிண்டர், பின் சில்லு ஒன்றுக்கு ஒரு சிலிண்டர், மொத்தம் ஆறு. எல்லாம் ஒரே குழாய்த் தொடரில் இருக்கின்றன. எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு சில்லிலும் பிரேக் போய்விடும். அதனால் மூன்று ஹோஸையும் பார்க்காமலே மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே, முன்பு சொன்ன எஞ்சின் தாங்கும் காலுக்குள் மறைந்திருக்கிறது. காப்பற்றைத் தூக்கினால் ஒரு சின்ன மூடி தெரியும். அதைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். தெளிவாக இருக்க வேண்டிய பிரேக் ஒயில் சாயத் தேநீர் நிறத்தில், அடியில் சேறாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்தச் சிலிண்டரைக் கழற்றுவது தொல்லை பிடித்த வேலை, முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பார் என்ற கம்பி குறுக்கே நிற்கும். தரையை ஒட்டுவதற்காகத் திறந்திருக்கும் போதே அதையும் எடுத்துவிட்டால் கூலி மிச்சம். உள்ளே குழி விழுந்திருந்தால் எறிய வேண்டாம், லேத்தில் கொடுத்து ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போடலாம். அப்புறம் பிரேக் ஒயில் இருக்கும் இடத்தில் வேறு எந்த ஒயிலும் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. ரப்பர் எல்லாம் ஊதி, பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும்.

பிரேக்குக்குச் சில்லைக் கழற்றும்போதே இன்னொன்றைப் பாருங்கள். முன் சில்லைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் மேலும் கீழும் மரை போட்ட இரண்டு துண்டு இருக்கும். டிரனியன் என்போம். ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் முன் சில்லு சுழல்கிறது. கிரீஸ் இல்லாமல் ஓடினால் மரை தேயும். தேய்ந்தால் ஒரு நாள் தண்டு அதிலிருந்து கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்துவிடும். மைனரின் பெரிய பலவீனம் இது ஒன்றுதான். கன்னியா ரோட்டில் அப்படி முழங்கால் போட்டு நின்ற ஒரு காரை நான் தூக்கிக் கொண்டுவந்திருக்கிறேன். மெதுவாகத் திரும்பும்போது நடந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் கார் உப்புத் தண்ணீரில் நின்றது, பிறகு கிரீஸே காணவில்லை. கீழ் டிரனியன் இரண்டையும் கழற்றிப் பார்க்காமல் ரோட்டில் இறக்க வேண்டாம். ஓடத் தொடங்கிய பிறகு 1000 மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடியுங்கள்.

இப்போது எஞ்சின். உங்களுடையது 948 சீசீ, 37 குதிரைவலு, அசலாக இருந்தால். ஜப்பான் எஞ்சின் யோசனையை நான் விரும்பவில்லை. அதற்காக முன் குறுக்குச் சட்டத்தையும் கியர் பொக்ஸ் மேடையையும் வெட்ட வேண்டி வரும். வலு கூடும், ஆனால் நிறுத்துவது அதே 7 அங்குல டிரம்தான். எஞ்சின் இலக்கம் மாறினால் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். அதோடு இந்த ஏ சீரிஸ் எஞ்சின் லேசில் சாகாது. அதே குடும்பத்து எஞ்சின்தான் ஒஸ்டின் ஏ35க்கும் மினிக்கும் போட்டது, அதனால் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. அப்பா யாழ்ப்பாணத்தில் ஓட்டிய கார் என்கிறீர்கள். பெற்றோல் இல்லாத 90களில் அங்கே இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின, ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி. அப்படி ஓடியிருந்தால் உள்ளே கரி படிந்திருக்கும், மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து பிஸ்டன் ரிங்கும் தேய்ந்திருக்கலாம். அதற்குப் பிறகும் அது யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வரைக்கும் ஓடி வந்திருக்கிறது, பாருங்கள். அந்த எஞ்சினுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும்.

எழுப்பும் முறை பொறுமையானது. முதலில் சாவியைத் தொடாதீர்கள், பற்றரி பூட்டாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் ஒயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு மூன்று கரண்டி ஊற்றி 10 நாள் ஊற விடுங்கள். அதற்குள் மூன்று இடத்து ஒயிலையும் வடியுங்கள், எஞ்சின், கியர் பொக்ஸ், பின் அச்சு. பின் அச்சிலிருந்து பால் தேநீர் மாதிரி வந்தால் கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. டீசலால் கழுவி, பெயாரிங்கைப் பார்க்க வேண்டும். திரும்ப ஊற்றும்போது பின் அச்சுக்கு 90 ஹைப்பொயிட் கியர் ஒயில், கியர் பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான். பல கராஜில் பழக்கத்தில் கியர் பொக்ஸுக்கும் 90 ஊற்றிவிடுவார்கள், சொல்லி வையுங்கள். பிறகு கையால் சுற்ற வேண்டும். முன் பம்பருக்கு மேலே நடுவில் கைப்பிடி போடும் ஓட்டை இருக்கும். கொஞ்சம் அசைந்தால் போதும், மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக் கொண்டுவரலாம். அடம் பிடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள், இன்னும் பத்து நாள் ஊறட்டும்.

பெற்றோல் ராங்கைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். உள்ளே 20 வருடத்துப் பெற்றோல் பிசினாகியிருக்கும், அதை அப்படியே காபரேற்றருக்கு இழுத்தால் எல்லாம் அடைத்துக்கொள்ளும். முதல் தடவை ஒரு போத்தலில் புதுப் பெற்றோல் வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு. பிளக் இடைவெளி 25 தவ், டிஸ்றிபியூற்றர் பொயின்ற் 15 தவ் (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஈயம் கலந்த பெற்றோல் இல்லாததால் வால்வு போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உவர்மலைக்கும் கோணேசர் கோயிலுக்கும் போய் வருகிற காருக்கு அது அவசரமில்லை. என்றைக்காவது எஞ்சின் ஹெட்டைக் கழற்றினால் அப்போது புது வால்வு சீட் போட்டுக்கொள்ளலாம்.

வயரிங்கில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கார் பொசிட்டிவ் ஏர்த். பற்றரியின் பிளஸ் பக்கம்தான் காரின் பொடியில் (உடல் தகட்டில்) பூட்டியிருக்கும். இப்போதைய பையன்களுக்கு இது பழக்கமில்லை, வழக்கம் போல மைனஸை பொடியில் பூட்டிவிடுவார்கள். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம், பார்த்துத்தான் பூட்ட வேண்டும். வயர்களின் துணி உறையை எலி தின்றிருக்கும், முழுக் காருக்கும் இரண்டே இரண்டு பியூஸ்தான். அதனால் முதல் தடவை பற்றரியை நேராகப் பூட்டாமல், இடையில் ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடராகப் போட்டுப் பூட்டுங்கள். எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்ப் பிரகாசமாக எரியும், வயர் எரியாது.

பத்திரங்களைப் பற்றிச் சுருக்கமாக. பொனற்றைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னத் தகட்டில் செஸி இலக்கம் இருக்கும். எஞ்சின் இலக்கம் பிளொக்கில் இருக்கும். இரண்டையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள், ஒட்டு வேலைக்குக் காசு கொடுப்பதற்கு முன்னாலேயே. கார் இன்னும் அப்பாவின் பெயரில் என்றால் வாரிசுப் பெயருக்கு மாற்ற என்னென்ன வேண்டும் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், நின்றுபோன வருமான அனுமதிப்பத்திரத்தைப் பற்றிப் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். 2020இல் தொடங்கிச் சில வருடம் வாகன இறக்குமதி நின்றபோது பழைய கார்களைத் தேடி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். "கார் வேண்டாம், புத்தகமும் நம்பர் பிளேட்டும் மட்டும் தாருங்கள்" என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையை ஒரு நாள் சுற்றுங்கள். போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், வாயால் சொல்லி வாங்கினால் பாதி பிழையாகும். மைனருக்கான தகடுகள் நம் நாட்டிலேயே அடிக்கப்பட்டு இங்கிலாந்துக்குப் போனதுண்டு, அதனால் தரைத் துண்டுகளுக்கு வெளிநாட்டை நினைக்க முன் தெற்குப் பக்கம் விசாரியுங்கள். ரயர் கடைசியில் வாங்குங்கள். வேலை முடிய ஒன்றரை இரண்டு வருடம் ஆகும், அதுவரை புது ரயர் ஒரே இடத்தில் நின்று கெட்டுப்போகக் கூடாது.

தட்டிப் பார்த்த படங்களை எனக்கு அனுப்புங்கள். குறுக்குச் சட்டமும் பின் வில்லுப்பட்டை பூட்டும் இடமும் நன்றாக இருந்தால் உங்கள் 5 லட்சத்தில் கார் ஓடும் என்று துணிந்து சொல்வேன். அந்த இரண்டும் போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்வேன், பிறகு நீங்கள் யோசித்து முடிவெடுக்கலாம். ஸ்டார்ட் பண்ணும் கைப்பிடியை டிக்கிக்குக் கீழே, ஸ்பெயார் சில்லு வைக்கும் அறையில் தேடிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினவர் அதைத் தொலைத்திருக்க மாட்டார். கிடைத்தால் துடைத்து, கிரீஸ் பூசி எடுத்து வையுங்கள். எஞ்சின் ஒயிலில் ஊறி முடியும்வரை போட்டுச் சுற்ற வேண்டாம்.